விடுதிக்கு அனுப்பலாமா?
எழுத்து வராத, கைத்திறன் உள்ள பிள்ளையின் தாய்மாருக்கு

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நமது வீடுகளில் இரண்டு விதமான பேச்சுகள் நடக்கும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் வீட்டில், "எந்தப் பெரிய பாடசாலையில் இடம் கிடைக்கும்?" என்ற பேச்சு. தாண்டாத பிள்ளையின் வீட்டில், அதிலும் எழுத வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் வீட்டில், "இவனை எங்கேயாவது விடுதியில் கொண்டுபோய்ப் போட்டால்தான் திருந்துவான்" என்ற பேச்சு. முதல் வீட்டில் விடுதி ஒரு பரிசு. இரண்டாவது வீட்டில் அதுவே தண்டனை. பரிசுமாக அல்லாமல், தண்டனையுமாக அல்லாமல், பிள்ளைக்குப் பொருத்தமான இடமா என்று மட்டும் பார்த்து ஒரு விடுதிப் பாடசாலையைத் தெரிவுசெய்ய முடியுமா? சகோதரிகளே, இந்தக் கேள்விக்கு விடை தேடி நானும் என் கணவரும் கிட்டத்தட்ட ஒரு வருடம் அலைந்தோம். எங்களுக்குக் கிடைத்த விளக்கம் உங்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நாங்கள் பிலிமத்தலாவையில் வசிக்கிறோம். கொழும்பு – கண்டி வீதியில் பயணம் செய்தவர்களுக்கு எங்கள் ஊரின் பித்தளைக் கடைகள் நினைவிருக்கும். குத்துவிளக்கு, தட்டு, மணி என்று வீதியோரம் முழுவதும் மின்னும். சற்று உள்ளே போனால் 1344ஆம் ஆண்டு கட்டப்பட்ட கடலாதெனிய விகாரை. அதைக் கட்டிய சிற்பி கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியர். இன்னும் கொஞ்சம் தூரத்தில் மரத்தூண் செதுக்கல்களுக்குப் பேர்போன எம்பக்க தேவாலயம். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த என் மூத்த மகன், ஆறு வயதிலேயே பட்டறை வாசலில் குந்தியிருந்து தட்டில் பூவேலை செதுக்குவதை மணிக்கணக்காகப் பார்ப்பான். வீட்டுக்கு வந்து அதே பூவை, இதழ் எண்ணிக்கை கூடப் பிசகாமல் வரைவான். கடதாசி மட்டையில் விளக்கு செய்வான். ஆனால் "பாடம்" என்ற சொல்லை "படாம்" என்று எழுதுவான். காலையில் வாசித்த சொல்லை மாலையில் புதுச் சொல்லைப் பார்ப்பது போலப் பார்ப்பான். அவனுடைய அப்பியாசக் கொப்பிகளில் சிவப்பு மையில் திரும்பத் திரும்ப இருந்தது ஒரே வசனம்: "கவனம் இல்லை."

நான் திருமணத்துக்கு முன் முன்பள்ளியில் கற்பித்தவள். கவனம் இல்லாத பிள்ளை இப்படி வரையாது என்பது எனக்குத் தெரியும்.

சோம்பலும் அல்ல, மந்தமும் அல்ல

கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்தோம். இரண்டிலும் குறை இல்லை. பின்னர் வைத்தியர் அனுப்பிவைத்தபடி சிறுவர் உளநல கிளினிக்குக்குப் போனோம். பல அமர்வுகளின் பின்னர், மகனுக்கு இருப்பது "டிஸ்லெக்ஸியா" எனும் கற்றல் இடர்பாடு என்றார்கள். சொல்லின் ஒலிகளைப் பிரித்து, அவற்றை எழுத்துகளோடு இணைக்கும் வேலை இவர்களின் மூளைக்குக் கடினமாக இருக்கிறது. அறிவுக் கூர்மைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குடும்ப வழியாக வரக்கூடியது. பத்துப் பேரில் ஒருவருக்கு ஏதாவது ஓர் அளவில் இது இருப்பதாகப் பிரித்தானிய டிஸ்லெக்ஸியா சங்கம் கூறுகிறது.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விடயமும் அல்ல. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர், பேர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ சஞ்சிகை ஒன்றில் எழுதினார். விளையாட்டில் கெட்டிக்காரன், கணக்கில் குறைவில்லாதவன், பேச்சில் புத்திசாலி. ஆனால் ஏழு வருடம் கற்பித்தும் வாசிப்பு வரவில்லை. தன் சொந்தப் பெயரையே எழுத்து மாற்றி "பிரெசி" என்று எழுதினானாம். எல்லாவற்றையும் வாய்மொழியாகக் கற்பித்தால் இவன்தான் பாடசாலையில் முதல்வனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. இதை வாசித்தபோது, என் மகனைப் பார்த்தே எழுதியது போலிருந்தது.

நமது பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்தும் உச்சரிப்பும் அடிக்கடி ஒத்துப்போவதில்லை. தமிழில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் தமிழில் 247 எழுத்துகள். "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. "கொ" என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. ல, ள, ழ வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் நாம் கதைக்கும்போது பெரும்பாலும் காட்டுவதில்லை. வீட்டில் கதைக்கும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. இதற்கு மேல் சிங்களம், ஆங்கிலம். மூன்று மொழி, மூன்று எழுத்து முறை. சாதாரணப் பிள்ளை ஏறும் படியை இந்தப் பிள்ளை மலையாக ஏறுகிறது.

இதற்கு மருந்து இல்லை. ஆனால் வழி இருக்கிறது. 1930களில் அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற இரு ஆசிரியைகள், கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, வாயால் சொல்லி, விரலால் எழுதிப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகக் கற்பிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். இன்றும் டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறைகள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை. மணலில் விரலால் எழுதவைத்த நமது பாட்டன்மாரின் திண்ணைப் பள்ளியில் அதில் ஒரு பகுதி இருந்தது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

விடுதி யாருக்காக?

அப்படியானால் விடுதிப் பேச்சு ஏன் வந்தது? எங்களுக்கு எட்டிய தூரத்தில் தரம் 6இல் தமிழ் மொழி மூலம் சித்திரம் கற்பிக்க ஆசிரியர் இருக்கவில்லை. தினமும் மூன்று பஸ் மாறிப் போய்வந்தால் பிள்ளைக்கு வீட்டில் எழுத்துப் பயிற்சிக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. என் கணவரின் தம்பி, "அண்ணி, நல்ல விடுதியாகப் பார்த்துச் சேருங்கள்" என்றார். மாமியோ, "சின்னப் பிள்ளையை யார் கையிலும் விடாதே மகள்" என்றார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது.

நமது நாட்டில் விடுதி என்பது பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளைகளின் வாசலாகவே வளர்ந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர 1940களில் மத்திய கல்லூரிகளைப் பரப்பி, 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது, புலமைப்பரிசில் பெற்ற ஏழைக் கிராமத்துப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்க முடிந்தது. அது பெரும் நன்மை. ஆனால் அந்த வாசலின் திறப்பு எழுத்துப் பரீட்சை. எழுத்திலேயே தடுமாறும் பிள்ளைக்கு அந்தத் திறப்பு கைக்கு எட்டாது.

மறுபக்கம், விடுதியோடு கூடிய விசேட பாடசாலைகள் பெரும்பாலும் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்காகத் தோன்றியவை. 1912இல் தொடங்கி இன்று இரத்மலானையில் இயங்கும் பாடசாலையும், 1956இல் கைதடியில் ஆரம்பமான நஃபீல்ட் பாடசாலையும் அப்படிப்பட்டவை. அவை செய்யும் சேவை பெரிது. ஆனால் டிஸ்லெக்ஸியா பிள்ளையின் தேவை வேறு. அமெரிக்காவில் 1926இலேயே இத்தகைய பையன்களுக்கென்று கௌ என்ற விடுதிப் பாடசாலை தோன்றியது. நாம் அவ்வளவு தூரம் போக முடியாது. ஆகவே சாதாரணப் பாடசாலை ஒன்றின் விடுதியைத் தெரிவுசெய்து, அதற்குள் பிள்ளைக்கு வேண்டிய உதவியைக் கேட்டுப் பெறுவதே எங்களுக்கு இருந்த வழி.

கலைப் பிள்ளைக்கு ஏற்ற விடுதி என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதிது அல்ல. வகுப்பறையைச் சகிக்க முடியாமல் இளவயதிலேயே பாடசாலையை விட்டவர் ரவீந்திரநாத் தாகூர். அவர் 1901இல் ஐந்து மாணவர்களோடு சாந்திநிகேதனில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். மரநிழலில் வகுப்பு, பாட்டு, சித்திரம், கைவேலை. 1934இல் அவர் இலங்கைக்கு வந்தபோது, அதே மாதிரியில் ஹொரணையில் வில்மட் ஏ. பெரேரா உருவாக்கிய ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டினார். கண்டியில் 1901இல் பிறந்து திரித்துவக் கல்லூரியில் படித்த ஜோர்ஜ் கீற், எந்த ஓவியக் கல்லூரிக்கும் போகாமலே நாட்டின் முதன்மை ஓவியர்களில் ஒருவரானார். கைத்திறனை வீண் பொழுதாகக் கருதாத ஆசிரியர்கள் முன்பும் இருந்தார்கள். அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதே நமது வேலை.

நாங்கள் பார்த்த மூன்று இடங்கள்

முதலாவது, பெயர்பெற்ற பெரிய பாடசாலை. அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, "புலமைப்பரிசிலில் எத்தனை புள்ளி?" விடுதியில் நீண்ட மண்டபத்தில் கட்டில்கள் வரிசையாக. மாலை 6 மணி முதல் 9 மணி வரை எல்லோரும் மௌனமாக இருந்து படிக்க வேண்டும். தானாக வாசிக்க முடியாத பிள்ளை மூன்று மணித்தியாலம் மௌனமாக இருந்து என்ன செய்யும்? அதைக் கேட்டேன். "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டம்தான்" என்றார்கள்.

இரண்டாவது, கட்டணப் பாடசாலை. வரவேற்பறையில் அழகான ஓவியங்கள். "விசேட கல்வி எல்லாம் இருக்கிறது" என்றார்கள். அந்த ஆசிரியையைச் சந்திக்கலாமா என்று கேட்டேன். அவர் வாரத்தில் ஒரு நாள் கொழும்பிலிருந்து வருபவர், அதற்குத் தனிக் கட்டணம் என்று தெரிந்தது. தமிழில் வாசிப்புப் பயிற்சி தர யாரும் இல்லை.

மூன்றாவது, மலையக நகரம் ஒன்றில் உள்ள நடுத்தரப் பாடசாலை. கட்டடம் பழையது. விடுதியில் 36 பிள்ளைகள். விடுதிப் பொறுப்பாளரான அம்மையார் புள்ளியைக் கேட்கவில்லை. "மகனுக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று அவனிடமே கேட்டார். அவன் சித்திரக் கொப்பியை நீட்டினான். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "எங்களுக்கு இந்த டிஸ்லெக்ஸியா பற்றி அதிகம் தெரியாது. வைத்தியரின் அறிக்கையின் பிரதியைத் தாருங்கள், நானும் தமிழ் ஆசிரியரும் வாசித்துப் பார்க்கிறோம்" என்றார். "எல்லாம் தெரியும்" என்ற இடத்தைவிட "படித்துப் பார்க்கிறோம்" என்ற இடம் எனக்கு நம்பிக்கை தந்தது.

விடுதியைப் பார்க்கப் போகும்போது

எங்கள் அனுபவத்திலிருந்து சில கேள்விகளைச் சொல்கிறேன். கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. இரவுப் படிப்பு நேரத்தில் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட ஒருவர் இருப்பாரா? மூத்த மாணவர் ஒருவரானாலும் சரி.

2. வகுப்பில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்களா? தவணைப் பரீட்சையில் வாய்மொழியாக விடை சொல்லவோ மேலதிக நேரம் எடுக்கவோ இடம் கொடுப்பார்களா?

3. சித்திர அறை, இசை அறை, கைவேலை அறை மாலையில் திறந்திருக்குமா? புள்ளி குறைந்தால் சித்திரத்தைப் பறிப்பார்களா? ஒரே சந்தோஷத்தைப் பறிப்பது மிகக் கொடிய தண்டனை.

4. பிழை செய்தால் என்ன செய்வார்கள்? பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலேயே அறிவித்துவிட்டது. இதைத் தயங்காமல் நினைவூட்டுங்கள்.

5. இரவில் விடுதியில் யார் பொறுப்பு? குளியலறை, கழிவறை, கட்டில்களை நேரில் பாருங்கள். பிள்ளை விரும்பும்போது தனியாக உங்களோடு தொலைபேசியில் கதைக்க முடியுமா? முன்னறிவிப்பு இல்லாமல் நீங்கள் போய்ப் பார்க்கலாமா? "முடியாது" என்றால் அந்த இடம் வேண்டாம். 1929 என்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கத்தைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள்.

6. அங்குள்ள பிள்ளைகளிடம் கதையுங்கள். சாப்பாடு எப்படி, யார் அன்பானவர், யாருக்குப் பயம் என்று கேளுங்கள். பெரியவர்களின் பேச்சைவிடப் பிள்ளைகளின் முகம் அதிகம் சொல்லும்.

"இப்படிப்பட்ட பிள்ளையை எடுக்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால், மனம் உடையாதீர்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கிறது. கற்றல் இடர்பாட்டுக்கும் எழுத்தில் ஓர் அறிக்கை இருந்தால் உங்கள் பேச்சுக்குப் பலம் கூடும். க.பொ.த. சாதாரண தரத்தில் தாய்மொழி கட்டாயப் பாடம் என்பதால், மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் அந்த அறிக்கை தேவை.

எந்தப் பிள்ளையை அனுப்பக் கூடாது?

2007இல் வந்த "தாரே ஜமீன் பர்" என்ற ஹிந்தித் திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டிஸ்லெக்ஸியா உள்ள எட்டு வயதுச் சிறுவனைத் தந்தை விடுதியில் சேர்க்கிறார். நல்ல வண்ணம் தீட்டும் அந்தப் பிள்ளை, தன்னை வீட்டிலிருந்து துரத்திவிட்டார்கள் என்றெண்ணி வரைவதையே நிறுத்திவிடுகிறது. கடைசியில் அவனை மீட்பது ஓர் ஓவிய ஆசிரியர். விடுதியின் ஒழுங்கும் கண்டிப்பும் அவனை மீட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிரிவைத் தாங்க முடியாத பிள்ளை, தனக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை, தன் உடல் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகாத பிள்ளை, இவர்களை அனுப்ப வேண்டாம். வீட்டில் சண்டை இருப்பதால், புதுக் குழந்தை பிறந்ததால், தாய் வெளிநாடு போவதால் அவசரப்பட்டு அனுப்புவதும் வேண்டாம். தாய் போயே ஆகவேண்டிய வீடுகளும் உண்டு. அப்போது பிள்ளை ஏற்கெனவே பழகிய உறவினர் வீடு, தெரியாத விடுதியைவிட நல்லது.

நாங்கள் மகனிடம் எதையும் மறைக்கவில்லை. மூன்றாவது இடத்தில் இரண்டு இரவு தங்கிப் பார்க்க அனுமதி கேட்டோம், தந்தார்கள். திரும்பி வரும் வழியில் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அம்மா, அங்கே நான் எழும்பி நின்று வாசிக்க வேண்டி வருமா?" அடுத்த நாளே பொறுப்பாளருக்கு எழுதி, "வேண்டாம்" என்ற பதிலைக் கடிதமாகவே வாங்கினோம். அந்தக் கடிதத்தை அவன் தன் பெட்டியில் வைத்திருக்கிறான். ஒரு தவணை பரீட்சார்த்தமாக, விருப்பமில்லை என்றால் கேள்வி கேட்காமல் திரும்ப அழைத்துவருவோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அனுப்பினோம்.

பெண் பிள்ளைகளை மறக்காதீர்கள்

ஆண் பிள்ளைக்காக இவ்வளவு ஓடும் நாம், பெண் பிள்ளை வாசிக்கத் தடுமாறினால், "பெண் பிள்ளைதானே, தையல் பழகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். 1990இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பாடசாலைகள் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள் என்று அடையாளம் கண்டவர்களில் ஆண் பிள்ளைகளே மிக அதிகம். ஆனால் ஆய்வாளர்கள் எல்லாப் பிள்ளைகளையும் தாங்களே சோதித்தபோது, ஆண் பெண் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. குழப்படி செய்யும் பையன் கண்ணில் படுகிறான். மௌனமாகப் பின்வரிசையில் இருக்கும் சிறுமி கண்ணில் படுவதில்லை. உங்கள் மகளின் கொப்பியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஒன்றரை வருடத்தின் பின்

எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் மாதத்தில், வரி தவறாமல் வாசிக்க அவன் வைத்திருந்த அட்டையைச் சில பையன்கள் ஒளித்துவைத்துக் கேலி செய்தார்கள். அவன் அதைத் தொலைபேசியில் எங்களிடம் சொன்னான், நாங்கள் பொறுப்பாளரிடம் சொன்னோம். அவர் யாரையும் அடிக்கவில்லை. விடுதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படி ஓர் அட்டை வெட்டிக் கொடுத்து, "வாசித்துப் பாருங்கள், உதவியாக இருக்கிறதா?" என்று கேட்டாராம். கேலி நின்றது.

இன்றும் அவன் வாசிப்பு மெதுவானது. தமிழில் 40க்கு மேல் புள்ளி எடுத்ததில்லை. ஆனால் விடுமுறைக்கு வரும்போது பஸ் பெயர்ப்பலகைகளைத் தானாகவே வாசிக்கிறான். கலை விழா நாடகத்துக்குப் பின்திரை முழுவதையும் அவனே வரைந்தான். சித்திரம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடம். யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைப் பீடம், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று அதற்கு மேலும் பாதை உண்டு. அது வாய்க்காவிட்டால் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழியும் திறந்திருக்கிறது. அதையெல்லாம் இப்போதே தீர்மானிக்க வேண்டியதில்லை.

சகோதரிகளே, விடுதி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அந்த வாசலுக்குள் அவனை, அல்லது அவளை, முழுப் பிள்ளையாகப் பார்க்க ஒருவராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். இல்லையென்றால் எவ்வளவு பெரிய பாடசாலையாக இருந்தாலும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள். தினமும் கால் மணித்தியாலம் மணல் தட்டில் எழுத்துப் பயிற்சியும், வரைய ஒரு கொப்பியும், திட்டாத ஒரு வாயும் எந்த வீட்டிலும் கொடுக்கக் கூடியவை.